தட்டுச் சத்தம்

"காது கேக்குற குட்டியா பாத்து எடுத்துட்டு வாங்க. இன்னொரு தடவ என்னால ஆகாது." என் மனைவி ஜெயக்கொடி இதைச் சொன்னது ஒயர்க்கூடையை என் கையில் கொடுத்தபோதா, அதற்கு முன்னால் அடுப்படியில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோதா என்று சரியாக நினைவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் முகம் பார்க்காமல் பேச முடியாத காலம் ஒன்று இருந்தது. மகள் கனி இருந்தவரை. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்கு முகமும் கையும்தான் பேச்சு, இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்பதற்குக்கூட எழுந்து அவள் எதிரே போய் நிற்க வேண்டும். அவள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பேசப் பழகிவிட்டோம். சௌகரியம் என்றுதான் முதலில் நினைத்தேன். சௌகரியமா இது. பேருந்து மல்லி ஊரைத் தாண்டிவிட்டது, கூடை மடியில் இருக்கிறது, உள்ளே கொடி எதையோ மடித்து வைத்துப் பழைய துண்டால் மூடியிருக்கிறாள், குட்டிக்கு வீட்டு வாசனை பழக வேண்டுமாம், நான் இன்னும் அந்த ஒரு பேச்சைத் தாண்டவில்லை. இன்னொரு தடவை. இதற்கு முன் எங்களிடம் இருந்த நாய் வீரனுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. அடுத்த தெருவில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டால் இங்கே தலையைத் தூக்கும். கேட்காமல் இருந்தது கனிக்கு. அப்படியானால் கொடி நாயைப் பற்றிச் சொல்லவில்லை. எது ஆகாது? கேட்காத பிள்ளையைக் கைப்பேச்சால் வளர்த்ததா, வளர்த்துப் பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சலுக்குக் கொடுத்ததா? இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஆகாது என்று வைத்துவிட்டாளா? அந்த மூட்டைக்குள் கனி சிரித்த சிரிப்பும் அல்லவா போய்விடும். கேட்டிருக்கலாம். கேட்க வேண்டுமானால் எதிரே போய் நிற்க வேண்டும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, சரி என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

நாய் வேண்டும் என்றவள் அவள்தான். காலண்டர் வேலை தொடங்கிவிட்டால் அச்சகத்தில் எனக்கு ராத்திரி ஷிப்ட், எங்கள் தெருவிலேயே பூட்டை உடைத்துவிட்டார்கள், தனியாக இருக்கிறவளுக்குக் குரைக்க ஒன்று வேண்டும், நியாயம்தானே. ராஜபாளையம் நாய் என்றால் எவனும் கேட்டில் கை வைக்க மாட்டான் என்று கட்டிங் மெஷின் பார்க்கிற செல்வின் சொன்னான், அவனுக்குத் தெரிந்த கிருஷ்ணமராஜா என்பவர் வீட்டில் குட்டி போட்டிருப்பதாக நம்பரும் தந்தான். "ஒண்ணு மட்டும் அண்ணாச்சி, சுத்த வெள்ளை நாய்லா, அதுல சிலது செவிடா விழுந்துரும், பாத்து எடுங்க" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து, தட்டியிருந்த பேப்பர் கட்டையே மறுபடி தட்டத் தொடங்கினான். பாவம் அவன். அதை நான் கொடியிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். இல்லை, சொல்லத்தான் வேண்டும், குரைக்க வேண்டிய நாய் கேட்க வேண்டாமா. நான் ஏன் கேட்காத குட்டிக்காக இப்போதே வக்காலத்து வாங்குகிறேன், யாரும் அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கவில்லையே. இருக்கிற குட்டி எல்லாமே நன்றாகக் கேட்கலாம். கேட்கட்டும். ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு வர வேண்டியதுதான்.

எங்கள் ஊர் சிவகாசியில் வெடிச் சத்தத்துக்குத் தீபாவளி வர வேண்டியதில்லை. புதுச் சரக்கைப் பொட்டலில் வெடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் வீறிட்டு அழும். கனி அழ மாட்டாள். தெருவில் அணுகுண்டு வெடித்தால் பெரியவர்களுக்கே தோள் ஒரு குலுங்கு குலுங்கும், அவள் தொட்டிலில் விரலைச் சப்பிக்கொண்டு தூங்குவாள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. சிவகாசிப் பிள்ளைன்னா இதுல்லா பிள்ளை என்று கொடியின் அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் காட்டினான். மதுரையிலிருந்து வந்திருந்த என் சித்தி மகள், தன் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழுவதற்காகக் கூச்சப்பட்டாள், நாங்கள் பெருந்தன்மையாக அவளுக்கு ஆறுதல் சொன்னோம். வேறு எந்த ஊரில் பிறந்திருந்தாலும் யாராவது ஒருவர், ஏன் இந்தப் பிள்ளை திடுக்கிடவே இல்லை என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் திருஷ்டி பட்டுவிடுமே என்று பயந்தோம். பேச்சு வரவில்லை, வரவில்லை, சில பிள்ளைக்குப் பிந்தும் என்றார்கள். கைதட்டிப் பார்த்தோம், திரும்பினாள். நிழலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டுப் பார்த்தோம், திரும்பினாள். தரை அதிர்ந்து உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. அது தெரியாமல், அவள் திரும்பும் ஒவ்வொரு முறையும் பிழைத்தோம் பிழைத்தோம் என்று இருந்தோம். கடைசியில் கொடிதான் கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்து, பிள்ளையைத் தன் முகம் பார்க்க மடியில் வைத்துக்கொண்டாள். நான் பிள்ளையின் பின்னால், நிழல் விழாத பக்கம் போய்த் தட்டைக் கீழே விட்டேன். விடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அது விழுந்து, உருண்டு, சுற்றிச் சுற்றிப் படபடத்து அடங்க எவ்வளவு நேரமாயிற்று. அடங்கிய பிறகும் கண்ணைத் திறக்காமல், திரும்பினாளா என்று கேட்டேன். கொடி பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு இன்று வரை அவள் வாயால் பதில் சொன்னதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரம் தெரிகிறது, பால்கோவா விற்கிறவர் ஜன்னல் ஜன்னலாகத் தட்டிக்கொண்டு போகிறார். கனிக்குப் பால்கோவா என்றால் உயிர். அதற்கு ஒரு கை வைத்திருந்தாள், கிண்டுவது போல இரண்டு சுற்று, பிறகு கண்ணை மூடிக்கொள்வாள், கண்ணை மூடுவதும் அந்தச் சொல்லில் சேர்த்தி. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த கைகள் வேறு, வீட்டில் நாங்களே செய்துகொண்ட கைகள் வேறு. அச்சகத்தில் மெஷின் ஓடும் இரைச்சலில் நாங்கள் வாயால் பேசுவதில்லை, மை போடு, நிறுத்து, போதும், பேப்பர் கோணுகிறது, எல்லாம் கைதான், அதில் பாதியைக் கனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிலுக்கு அவள் எங்களுக்குப் பேர் வைத்தாள். அம்மா என்றால் மூக்குத்தியைத் தொடுவது. அப்பா என்றால் கட்டைவிரல் நகத்தைச் சுரண்டுவது, என் நகத்தில் எப்போதும் மை. வீரன் என்றால் உள்ளங்கையை விரித்து நடுங்கவைப்பது. வீரன் என்று பேர் வைத்தது அவளுடைய மாமன், கேலிக்குத்தான், ஊசி வெடிக்கே கட்டிலுக்கடியில் போய் நடுங்குகிற நாய் அது. தீபாவளி அன்று காலையிலிருந்து கனி அதைக் கட்டிக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருப்பாள். அதன் உடம்பு நடுங்குவதை வைத்துத்தான் வெளியே வெடி வெடித்தது அவளுக்குத் தெரியும். நடுங்கினதும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், கையை மூடி, ஐந்து விரலும் சிதறுகிற மாதிரி திறப்பாள். வெடியா? நான் ஆமாம் என்பேன். பெருசா? பெருசு. ஒரு நாயின் நடுக்கத்தின் வழியாக என் பிள்ளை தீபாவளி கேட்டாள். அவள் போன பிறகு வீரன் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, சோற்றை வைத்தாலும் கை ஏதாவது சொல்கிறதா என்று காத்திருந்தது. எங்கள் கைகள் ஒன்றும் சொல்லவில்லை. கொடியும் நானும் எதற்காக ஒருவரிடம் ஒருவர் கையால் பேச வேண்டும், இருவருக்கும்தான் காது இருக்கிறதே. போன பங்குனியில் வீரனும் போய்விட்டது, தூக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவு இல்லாமல்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்னைப் பார்க்கிறார். துண்டுக்கடியில் என் விரல்கள் அசைந்துகொண்டிருக்கின்றன போல. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். தண்ணீர் இருக்கிறது. மழை இருக்கிறது. கோபம் இருக்கிறது, அது அச்சகத்துக் கை. நாளைக்கு, இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை? ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் ஒரு கை வைத்திருந்தாள், பள்ளிக்கூடக் கை இல்லை, அவளுடையது, என் லீவு நாள் என்பதால் என்னிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துச் செய்தது. நகத்தைச் சுரண்டிவிட்டு? இல்லை. தோளைத் தொட்டா? வரவில்லை. போன வருஷம்கூட இருந்தது என்று நினைக்கிறேன். எங்கே போகும். அந்தப் பேச்சு தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேரும் ஒரு நாயும்தான், இப்போது இரண்டு பேர், அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை, அப்படியானால் இப்போது அது எங்கே இருக்கிறது? கொடிக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கும். இருக்குமா? அவளிடம் போய், ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன கை என்று கேட்டால் முகம் என்னவாகும். இன்னொரு தடவை என்னால் ஆகாது. எனக்கு ஆகுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் என்ன சொல்வேன், தெரியாது. மலை தெரிய ஆரம்பித்துவிட்டது, மேலே மேகம் படுத்திருக்கிறது, ராஜபாளையம் இறங்கு, இறங்கு என்று கண்டக்டர் கத்துகிறார்.

கிருஷ்ணமராஜா என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார், வெற்றுடம்பில் துண்டு, வாசலிலேயே நின்றிருந்தார். செல்வினுக்கு வேண்டியவன் என்பதால் காபி குடிக்காமல் குட்டியைக் காட்ட மாட்டேன் என்றார். பின்கட்டில் மாட்டுத் தொழுவத்தை ஒட்டி வலை அடித்த இடம், தாய் நாய் எழுந்து நின்றது, வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். அவர் அதனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார், உட்கார்ந்துகொண்டது. நான் தமிழில் கூப்பிட்டேன், என்னை யாரோ மாதிரி பார்த்தது. ராஜா சிரித்தார். "இதுக்குத் தமிழ் வராது அண்ணாச்சி, எங்க வீட்ல பேசுறது தெலுங்குல்லா. குட்டிய நீங்க தமிழ்ல பழக்கிக்கிடுங்க. கொஞ்ச நாள்ல இத மறந்துரும்." மறந்துவிடும். ஒரு பேச்சை மறக்க நாய்க்குட்டிக்கு எவ்வளவு நாள் ஆகும், மனுஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். குட்டிகள் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. காது எப்படி என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. அதுக்கென்ன, கண்ணாலேயே பாத்துக்கிடுங்க என்று அவர் தொழுவத்து மாடத்திலிருந்து ஒரு தட்டை எடுத்தார். எவர்சில்வர் தட்டு. உலகத்தில் வேறு பாத்திரமே கிடையாதா. அவர் அதைக் குட்டிகளுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் விட்டார், எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. பாத்தீங்களா, சுத்தமான காது என்றார், அவர் பொய் சொல்லவில்லை, அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது, எங்கள் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் ஒன்று திரும்பியபோது தட்டைப் பார்க்கவில்லை. மற்ற குட்டிகளைப் பார்த்தது. அவை எங்கே பார்க்கின்றன என்று பார்த்துவிட்டுப் பிறகு அந்தப் பக்கம் பார்த்தது. கண்ணிமைக்கிற நேரம்தான் பிந்தியிருக்கும். கல்யாண வீடுகளில் யாராவது மைக்கில் வேடிக்கையாகப் பேசும்போது கனி அப்படித்தான், பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு சிரிப்பாள். பார்க்காதது போல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். வேறொன்றை, அதோ வாளிக்குள் நிற்கிறதே அதை, எடுத்துக் கூடையில் வைத்துவிடலாம். கொடி சொன்னது அதைத்தான். நான் கையை ஆட்டி ஒரு குட்டியைக் கூப்பிட்டேன், இல்லை, கூப்பிடவில்லை, வேர்வையைத் துடைக்கத்தான் கையைத் தூக்கினேன், மற்றவை எல்லாம் ராஜாவின் குரலுக்குத் தாவிக்கொண்டிருக்க, அது மட்டும் விளையாட்டை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தது. முகத்தை இல்லை. கையை. வீரன் செத்ததிலிருந்து என் கையை அப்படி யாரும் பார்க்கவில்லை.

துவைக்கிற கல்லில் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்து அதை மடியில் என் பக்கம் பார்க்க வைத்துக்கொண்டேன். ராஜாவிடம், என் பின்னால் வராமல் குட்டியின் பின்னால் போய், நிழல் விழாத பக்கமாக நின்று, இன்னொரு தடவை போடுங்கள் என்று சொன்னேன். எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு என்று சிரித்துக்கொண்டே தட்டோடு போனார். அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. கொடி. ஒரு கையால் குட்டியைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன், பாத்தாச்சா என்றாள், நான் வாயைத் திறப்பதற்குள் ராஜா தட்டை விட்டுவிட்டார். அது விழுந்து, உருண்டு, படபடவென்று சுற்றி, அதே சத்தம், இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்துக்கு வயதே ஆகவில்லை. இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. மற்றவை எல்லாம் வலையில் வந்து மோதின. என் மடியில் இருந்ததோ, போனைப் பிடித்திருந்த என் கை ஏன் அசையவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தது. தட்டு அடங்கியது. போனுக்குள் கொடி மூச்சு விடுவது கேட்டது. என்ன சத்தம் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

"திரும்புச்சா?" என்றாள்.

"இல்ல."

போனில் எங்கள் வீட்டு மின்விசிறி கடகடவென்று சுற்றுவது கேட்டது. ராஜா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார், முகம் வாடிவிட்டது. அடடே, நாங்க கவனிக்கலியே அண்ணாச்சி என்றார், அத கீழ வைங்க, வேற எடுத்துக்கிடுங்க, இது தோப்புல கிடந்துட்டுப் போகுது, கேட்டுல ஆள் வந்தாக்கூட இதுக்குத் தெரியாது. அதெல்லாம் கொடிக்கும் கேட்டிருக்கும். அவர் சொன்னது சரி. ராத்திரி ஷிப்டில் நான் மெஷினோடு நிற்கும்போது கேட்டை எவனாவது அசைத்தால் இது தூங்கும். அதை நினைத்தேன், நினைக்காமல் இல்லை. தரை அதிர்ந்தால் எழுந்துகொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியாது. கொடி இணைப்பைத் துண்டித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பிறகு குரல் வந்தது, தூரத்திலிருந்து வருவது மாதிரி, போனை எங்கேயோ கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்துப் பேசுகிற மாதிரி.

"தீவாளிக்கு அது நடுங்காதுல்ல?"

"நடுங்காது" என்றேன்.

அவ்வளவுதான், துண்டித்துவிட்டாள். எடுத்துட்டு வாங்க என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் மறுபடி கூப்பிட்டுக் கேட்கவில்லை. குட்டியை அப்படியே கூடைக்குள் இறக்கினேன், ராஜா ஏதோ சொல்ல வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, தாய் நாயைத் திண்டுப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டார், அதனிடம் தெலுங்கில் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. நான் செய்தது என்ன? கொடி வேண்டாம் என்று சொன்ன ஒன்றே ஒன்றைத் தேடிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். இது கனிக்காகவா, என் கைகளுக்காகவா? எனக்குப் பேச ஆள் வேண்டும் என்பதற்காக அவளுடைய புண்ணில் கொண்டுபோய் ஒரு குட்டியை விடுகிறேனா? அவள் கதவைத் திறந்து, பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டால்? அந்த முதுகை நான் எப்படித் தாங்குவேன். தீவாளிக்கு அது நடுங்காதுல்ல. நடுங்குகிற ஒன்று இனிமேல் வேண்டாம் என்றாளா, நடுங்க ஒன்று இல்லாத தீபாவளியை நினைத்துப் பார்த்தாளா? குட்டி அழுதது, துண்டை விலக்கினேன். கொடி அடியில் மடித்து வைத்திருந்தது கனியின் பள்ளிக்கூடத் துப்பட்டா. நீல ஓரம், ஒரு முனையில் என் அச்சக மை, எப்போதோ நான் கை துடைத்துவிட்டு அவளிடம் திட்டு வாங்கியது, கையால் திட்டியது. பீரோவின் அடித்தட்டில் இருந்ததை எடுத்து, மடித்து, மேலே துண்டைப் போட்டு மூடி, அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொல்லியிருக்கிறாள். எந்தக் குட்டி வந்தாலும் இதில்தான் படுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறாள். எனக்குக் கொடியைத் தெரியவே தெரியாது என்று தோன்றியது. குட்டி அதற்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு தூங்கிவிட்டது, என் கை அதன் முதுகில் இருந்தது.

மல்லியைத் தாண்டியதும் வலது பக்கம் பொட்டலில் வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய சரக்கு. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பேருந்தில் ஒருவரும் பேச்சை நிறுத்தவில்லை, எல்லாம் எங்கள் ஊர் ஆட்கள். எனக்கும் பழக்கம்தான், ஐம்பது வருஷப் பழக்கம். ஆனால் கை நடுங்கியது. வேறு யாருடைய கையோ என்பது போல, குட்டியின் முதுகில் வைத்த இடத்திலேயே அது நடுங்கியது. குட்டி தலையைத் தூக்கியது. அது கேட்டிருக்காது, என் கை நடுங்கியதால் விழித்துக்கொண்டது. துப்பட்டாவுக்குள்ளிருந்து நிமிர்ந்து, முகத்தைப் பார்க்காமல், என்ன ஆயிற்று என்று என் கையைப் பார்த்தது. பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். நான் கையை எடுத்து, அதன் கண்ணுக்கு நேரே மூடி, ஐந்து விரலும் சிதற மெதுவாகத் திறந்தேன். வெடி. பெருசு. விரல்கள் பழகாத கதவு போல இறுகித்தான் திறந்தன. அது கண் கொட்டாமல் கடைசி வரை பார்த்துவிட்டு, கை கீழே இறங்கிய பிறகும், இன்னும் ஏதாவது சொல்வேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தது.